ஏழு கிலோவுக்குள் உங்கள் சவுண்ட்

சனிக்கிழமை சென்னையில் ஷோ. மேடைக்கு ஒரு கிட்டாரிஸ்ட் வேண்டும். மும்பை செம்பூரில் இருக்கும் உங்களுக்கு போன் வருகிறது. சந்தோஷம். ஆனால் அந்த ஆர்கனைசரின் போனில் கோடம்பாக்கம், வடபழனி ஆட்கள் நாலைந்து பேரின் நம்பரும் இருக்கிறது. அவர்களுக்கு ஃப்ளைட் டிக்கெட் போட வேண்டாம், ஹோட்டல் ரூம் எடுக்க வேண்டாம். உங்களைக் கூப்பிட்டால் செலவு கூடுதல். அந்தச் செலவுக்கு அவர் கேட்பது ஒன்றே ஒன்று: நீங்கள் மேடை ஏறிய பத்தாவது நிமிடத்தில், உங்கள் வீடியோவில் கேட்ட அதே சவுண்ட் ஸ்பீக்கரில் வர வேண்டும்.

‘அடாப்டரை விட்டுட்டு வந்துட்டேன்’, ‘பெட்டி இன்னும் பெல்ட்ல வரலை’ என்றெல்லாம் சொல்ல ஆரம்பித்தால், அடுத்த ஷோவுக்கு உங்கள் நம்பரைத் தேட மாட்டார்கள். எவ்வளவு நன்றாக வாசித்திருந்தாலும் தேட மாட்டார்கள்.

மும்பைத் தமிழ் இசைக்காரர்களுக்கு வெளியூர் வாய்ப்பு நிறையவே இருக்கிறது. மாட்டுங்கா, செம்பூர் சபாக்களில் வளர்ந்த வயலினும் வீணையும் பிக்கப் மாட்டிக்கொண்டு ஃப்யூஷன் மேடைக்குப் போகின்றன. தாராவியின் டோபடெலிக்ஸ் குழு 2018இல் வந்த ‘காலா’ படப் பாடல்களில் ராப் பாடியது. தாராவித் தமிழ் ராப்புக்கு அது தமிழ்நாட்டில் ஒரு விசிட்டிங் கார்டு. ஆக, ஆட்களுக்குப் பஞ்சமில்லை, போட்டிக்கும் பஞ்சமில்லை. எஃபெக்ட்ஸ் சாமான்களோடு பறந்து போய், சேதாரமில்லாமல் வாசித்துவிட்டு, கையில் காசோடு திரும்பத் தெரிந்தவருக்குத்தான் இந்த மார்க்கெட். அதைக் கற்றுக்கொள்ளலாம்.

1. முதலில் தராசு

பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் கைத்தராசு ஒன்று வாங்குங்கள். உள்நாட்டு எகானமி டிக்கெட்டில் கேபின் பைக்கு 7 கிலோ, செக்-இன்னுக்கு 15 கிலோ என்பது வழக்கமான அளவு. கேபின் பையின் மூன்று பக்கமும் கூட்டி 115 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. 55, 35, 25 என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் பையைத் தனியாக விடுவார்களா என்பதை டிக்கெட் போட்ட அன்றே படித்துவிடுங்கள்.

இப்போது வீட்டில் இருக்கும் பெடல்போர்டைக் கணக்குப் போடுங்கள். பாஸ் காம்பாக்ட் பெடல் ஒன்று சுமார் 400 கிராம். ஆறு பெடல் என்றால் 2.4 கிலோ. அலுமினியப் பலகை ஒரு கிலோவுக்கு மேல். பவர் சப்ளை அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை. கேபிள்களும் அடாப்டரும் ஒரு கிலோ. பை ஒன்றரை கிலோ. ஆறரையைத் தாண்டியாச்சு. க்ரை பேபி வா பெடலையும் சேர்த்தால் இன்னும் ஒன்றரை கிலோவுக்கு மேல். லேப்டாப்புக்கும் மாற்றுச் சட்டைக்கும் இடமே இல்லை.

அதனால் செட்லிஸ்ட்டை எடுத்து வையுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் எந்த எஃபெக்ட் வேண்டும் என்று எழுதுங்கள். சினிமாப் பாட்டு ஷோ என்றால் கோரஸோடு ஒரு க்ளீன், ஒரு க்ரன்ச், ஒரு லீட், டிலே, ரிவர்ப். இரண்டரை மணி நேர ஷோவில் முக்கால்வாசி இதிலேயே முடிந்துவிடும். ஒரே ஒரு பாட்டின் நாலு பாருக்காக ஒரு ஃப்ளேஞ்சரைச் சுமந்து போகாதீர்கள்.

என் சிபாரிசு நேரடியானது. உள்ளூருக்குப் பெரிய போர்டு. பறக்க ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் ப்ராசஸர். லைன் 6 கம்பெனியின் ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப் சுமார் 1.1 கிலோதான், ஆம்ப், கேபினெட், எஃபெக்ட்ஸ் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். பட்ஜெட் குறைவு என்றால் பாஸ் ஜிடி-1 போதும். அது பென்டார்ச் செல்லிலும் ஓடும். கூடவே உங்கள் கைக்குப் பழகிய டிரைவ் பெடல் ஒன்றே ஒன்று. இந்த செட்டை முதல் முறையாக வெளியூர் மேடையில் சோதித்துப் பார்க்காதீர்கள். செம்பூரிலோ மாட்டுங்காவிலோ ஒரு கோயில் ப்ரோக்ராம் வந்தால், பெரிய போர்டை வீட்டில் விட்டுவிட்டு இதை மட்டும் கொண்டுபோய் முழு ஷோவும் வாசியுங்கள். குறை என்ன என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

பேட் வாசிப்பவர்களுக்கும் ஒரு தகவல். ரோலண்ட் எஸ்பிடி-எஸ்எக்ஸ் 2.5 கிலோ, 36க்கு 33 சென்டிமீட்டர். கேபின் பை அளவுக்குள் அடங்கும். ஸ்டாண்டும் கிளாம்பும் செக்-இன்னில் போகட்டும், அல்லது அங்கேயே வாடகைக்குச் சொல்லிவிடுங்கள்.

2. பையை தாராவியில் தையுங்கள்

கடையில் விற்கும் பெடல்போர்டு பைகள் அந்தந்த கம்பெனி போர்டின் அளவுக்கு வெட்டியவை. கேபின் அளவைப் பற்றி அவை கவலைப்படுவதில்லை. உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே லெதர், ரெக்சின், கேன்வாஸ் எதில் வேண்டுமானாலும் பை தைக்கும் ஊர் இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

அளவை எழுதிக்கொண்டு மட்டும் போகாதீர்கள். சாமானையே தூக்கிக்கொண்டு போங்கள். ப்ராசஸர், பெடல், அடாப்டர், இயர்போன் டப்பா எல்லாவற்றையும் கட்டிங் டேபிளில் பரப்பி வைத்து, எது எங்கே உட்கார வேண்டும் என்று மாஸ்டரிடம் காட்டுங்கள். 55, 35, 25 என்பது வெளி அளவு, முன்பக்க பாக்கெட் உப்பினாலும் அதற்குள்தான் நிற்க வேண்டும் என்று சொல்லுங்கள். அடியிலும் மூடியிலும் கெட்டி ஃபோம். நாப் இருக்கும் இடத்தில் மட்டும் ஃபோமைக் குழியாக வெட்டச் சொல்லுங்கள். அழுத்தம் நாப் மேல் விழாமல் பெட்டியின் உடம்பில் விழும். ஜிப் 10ஆம் நம்பர். கைப்பிடி ஒட்டும் இடத்தில் சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தையல் ஓட வேண்டும்; அங்கேதான் பை முதலில் கிழியும்.

இன்னொன்று, பலருக்கும் தோன்றாதது: “அண்ணாச்சி, உள் லைனிங் மட்டும் வெள்ளையோ மஞ்சளோ போடுங்க” என்று கேட்டு வாங்குங்கள். கறுப்புப் பைக்குள் கறுப்பு அடாப்டர், கறுப்பு பேட்ச் கேபிள், இருட்டு மேடை. ஷோ முடிந்து அவசரமாகக் கட்டும்போது விட்டுப்போவது இவைதான். வெளிர் லைனிங்கில் இல்லாதது பளிச்சென்று தெரியும்.

3. எது கையில், எது பெட்டியில்

விதி இதுதான்: எது இல்லாவிட்டால் நீங்கள் மேடை ஏற முடியாதோ, அது கேபினில். ப்ராசஸர், அதன் அடாப்டர், ஒரு நல்ல கிட்டார் கேபிள், இயர்போன். செக்-இன் பெட்டி நாளைக்குத்தான் வரும் என்றாலும் இவற்றையும் ஒரு கடன் கிட்டாரையும் வைத்து ஷோவை முடித்துவிடலாம்.

ஸ்க்ரூடிரைவர், கட்டிங் ப்ளையர், மல்டி டூல் ஆகியவை செக்-இன்னில் போக வேண்டும். கையில் கொண்டுபோனால் செக்யூரிட்டியிலேயே போய்விடும். ஜாக் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே பெரும்பாலும் தீப்பற்றக்கூடியது. கையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. பவர் பேங்க், உதிரி லித்தியம் பேட்டரி எல்லாம் கேபினில்தான். செக்-இன் பெட்டியில் இருந்தால் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். 100 வாட்-ஹவர் வரை தனி அனுமதி வேண்டாம். கணக்கு சுலபம்: 20,000 எம்ஏஹெச் பேங்க் என்றால் 20 ஆம்பியர்-ஹவரை 3.7 வோல்ட்டால் பெருக்குங்கள், 74 வாட்-ஹவர். எண் அழிந்துபோன பேங்கைக் கொண்டுபோகாதீர்கள்.

பெடலின் இன்புட்டில் ஜாக்கைச் செருகியபடியே கட்டாதீர்கள். உள்ளே 9 வோல்ட் பேட்டரி இருந்தால், ஜாக் செருகியிருக்கும் வரை பெடல் ஓடிக்கொண்டே இருக்கும். ஊர் போய்ச் சேரும்போது பேட்டரி காலி.

சென்னையிலிருந்து தூத்துக்குடி போன்ற ஊர்களுக்கு ஏடிஆர் விமானம் வரும். நெல்லைப் பக்கத்துக் கோயில் கொடைக்கு வாசிக்கப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். அந்த விமானத்தில் தலைக்கு மேல் உள்ள பெட்டியறை சிறியது. ஏர்பஸ்ஸில் போன அதே பையை ஏடிஆர் வாசலில் வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள். ப்ராசஸரையும் அடாப்டரையும் ஒரு துணிப்பையில் சுற்றி உள்ளே வைத்திருந்தால், அதை மட்டும் உருவிக்கொண்டு ஏறிவிடலாம்.

4. செக்யூரிட்டி வரிசை

வயர், சர்க்யூட், உலோகப் பெட்டி. எக்ஸ்ரேயில் உங்கள் பை எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். நிறுத்திக் கேட்பது அவர்களுடைய வேலை. லேப்டாப்போடு ப்ராசஸரையும் பெடலையும் நீங்களாகவே வெளியே எடுத்துத் தனி ட்ரேயில் வையுங்கள். கேபிளை வளையமாகச் சுற்றி வெல்க்ரோ போட்டு வையுங்கள். நூல்கண்டு போல் கிடந்தால் பையை முழுக்கக் கொட்டச் சொல்வார்கள். சிஐஎஸ்எஃப் ஆள் கேட்டால் ஒரே வரி: “சர், யே கிட்டார் கா எஃபெக்ட்ஸ் ஹை.” போனில் மேடையில் நீங்கள் வாசிக்கும் போட்டோ ஒன்று தயாராக இருக்கட்டும். அவர்களிடம் விளக்கவுரை வேண்டாம், குரலை உயர்த்த வேண்டாம். இதற்கென்று கால் மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புங்கள்.

5. எந்த ஏர்போர்ட், எப்படிப் போவது

முன்பெல்லாம் டெர்மினல் 1ஆ 2ஆ என்று பார்த்தால் போதும். 2025 டிசம்பர் முதல் நவி மும்பை விமான நிலையமும் ஓடுகிறது. வெளியூர் ஆர்கனைசருக்கு இரண்டும் மும்பைதான். விலை குறைந்ததைப் போட்டுவிடுவார். டிக்கெட்டில் பி.ஓ.எம் என்றிருந்தால் பழையது, என்.எம்.ஐ என்றிருந்தால் நவி மும்பை. டிக்கெட் வாட்ஸ்அப்பில் வந்த நிமிடமே பாருங்கள். மாற்றச் சொல்வதாக இருந்தால் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

தாராவிக்காரர்களுக்கு ஒரு வரம் கிடைத்திருக்கிறது. மெட்ரோ 3ஆம் தடத்தில் தாராவி ஸ்டேஷன் இருக்கிறது. அதே ரயில் டெர்மினல் 1, 2 இரண்டுக்கும் போகிறது. ஜூலை மழையில் சயான் தண்ணீரில் நிற்கும்போது இதன் அருமை தெரியும். விடியற்காலை ஃப்ளைட்டுக்கு மட்டும் இது உதவாது. முதல் நாளே வண்டி பேசிவிடுங்கள்.

6. கரண்ட்டை நம்பாதீர்கள்

வெளியூர் மேடையில் சவுண்ட் கெடுவதற்கு முதல் காரணம் கரண்ட். பெடலின் தரமெல்லாம் அப்புறம்தான். மேடைக்கு ஜெனரேட்டர் ஓடும். லைட்டும் சவுண்டும் ஒரே லைனில் இருக்கும். எர்த்திங் சரியாக இருக்காது. முதல் வேலையாக, கிட்டார் கம்பியைப் பிடித்தபடி மைக்கை உதட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். புறங்கையால் தொட்டும் பார்க்காதீர்கள். மைக்குக்கும் கம்பிக்கும் நடுவே மின்னழுத்தம் இருக்கிறதா என்று மீட்டரால் பார்க்கச் சொல்லி எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். ‘ஷாக் அடிக்குது’ என்று யாராவது சொன்னால் சரிசெய்யும் வரை கிட்டாரைத் தொடாதீர்கள். இதில் கூச்சம் கூடாது. இது உயிர் சமாச்சாரம்.

சொந்தமாக ஒரு ஸ்பைக் பஸ்டர் எப்போதும் பையில் இருக்கட்டும். மேடையில் வரும் ஸ்விட்ச்போர்டில் பெரிய 16 ஆம்பியர் பாயின்ட் மட்டுமே இருக்கலாம். அதற்கு ஒரு கன்வெர்ட்டர் ப்ளக்கும் வேண்டும்.

அடாப்டர் விஷயத்தில் கவனம். பெரும்பாலான பெடல் 9 வோல்ட், சென்டர் நெகட்டிவ். ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப்பும் 9 வோல்ட்தான், ஆனால் அதன் அடாப்டர் 3 ஆம்பியர். அடுத்த கிட்டாரிஸ்ட்டிடம் கடன் வாங்கும் சாதாரண பெடல் அடாப்டர் அதில் ஒரு சிறு பங்கு கரண்ட்தான் தரும். இரவு எட்டு மணிக்கு எந்த ஊர்க் கடையிலும் ஸ்டாம்ப் அடாப்டர் கிடைக்காது. உதிரி ஒன்று வாங்கி, ஒன்றை கேபின் பையிலும் மற்றொன்றை செக்-இன்னிலும் வையுங்கள். இரண்டிலும் வெள்ளை டேப் ஒட்டிப் பெயர் எழுதுங்கள். மேடையில் எல்லா அடாப்டரும் ஒரே ஜாடை.

சாதாரண 9 வோல்ட் அடாப்டரிலும் ஒன்று கூடுதலாகக் கொண்டுபோங்கள். அது மற்றவருக்காக. சவுண்ட் செக்கில் பேஸ் வாசிப்பவரின் அடாப்டர் போய்விட்டால் நீட்டுங்கள். அடுத்த டீமுக்கு அவர் ஆள் சொல்லும்போது உங்கள் பெயர் முதலில் வரும்.

7. சவுண்ட் இன்ஜினீயர்தான் உங்கள் முதல் ரசிகர்

ஷோவுக்கு நான்கு நாள் முன்பே ஒரு பக்கத் தாள் அனுப்புங்கள். எத்தனை அவுட்புட், மோனோவா ஸ்டீரியோவா, டிஐ பாக்ஸ் வேண்டுமா, மானிட்டரா இயர்போனா, கரண்ட் பாயின்ட் எந்தப் பக்கம். அவ்வளவு போதும். ஆம்ப் கேட்டால் மாடல் பெயர் சொல்லிக் கேளுங்கள். ரோலண்ட் ஜேசி-120 பெரும்பாலான வாடகைக்காரர்களிடம் இருக்கும்.

ப்ராசஸரில் இரண்டு செட் ப்ரீசெட் வைத்திருங்கள். ஒன்று நேராக மிக்சருக்குப் போக, கேபினெட் சிமுலேஷனோடு. மற்றொன்று நிஜ ஆம்ப்புக்குப் போக, அது இல்லாமல். சிமுலேஷனோடு ஆம்ப்பில் செருகினால் சவுண்ட் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். பலர் ஆம்ப்பைக் குறை சொல்லிவிட்டு வருகிறார்கள்.

அதைவிட முக்கியம் லெவல். இன்ஜினீயர்கள் கிட்டாரிஸ்ட்களைப் பற்றிச் சொல்லும் நிரந்தரப் புகார் இதுதான்: க்ளீன் காதுக்கே எட்டவில்லை, லீட் போட்டதும் ஸ்பீக்கர் கிழிகிறது. படுக்கையறையில் ஹெட்போனில் சமன்செய்த லெவல் மேடையில் நிற்காது. ரிகர்சல் ரூமில், டிரம்ஸ் ஓடும்போது, ஒவ்வொரு ப்ரீசெட்டையும் சமப்படுத்துங்கள். லீட் மட்டும் மூன்று டெசிபல் மேலே. ரிவர்ப்பைப் பாதியாகக் குறையுங்கள். மண்டபமே மிச்சத்தைத் தரும். பிக்கப் வைத்த வீணைக்கும் வயலினுக்கும் இது இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

மேடையில் ஏறியதும்: “அண்ணா, முதல்ல என்கிட்ட இருக்கறதுலேயே சத்தமான சவுண்ட் தரேன், அப்புறம் சன்னமானது.” இதைச் சொல்லிவிட்டு இரண்டையும் வாசியுங்கள். அவருக்கு கெயின் வைக்க அது போதும். கேபிளை உருவும் முன் ‘மியூட்’ என்று சைகை காட்டுங்கள். இந்த இரண்டு பழக்கத்திலேயே நீங்கள் தொழில் தெரிந்தவர் என்று அவருக்குத் தெரிந்துவிடும். யாரைத் திரும்பக் கூப்பிடலாம் என்று ஆர்கனைசர் கேட்பது பல நேரம் அவரிடம்தான்.

எல்லா ப்ரீசெட்டையும் லேப்டாப்பிலும் ட்ரைவிலும் பேக்கப் எடுத்துவிட்டுத்தான் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். ஷோவுக்கு முந்தைய வாரம் சாஃப்ட்வேர் அப்டேட் வேண்டவே வேண்டாம்.

மலையேறும் ஷோக்களுக்குத் தனி எச்சரிக்கை. நாகாலாந்தின் ஹார்ன்பில் திருவிழா என்றால் திமாப்பூரில் இறங்கி கொஹிமாவுக்குச் சுமார் 70 கிலோமீட்டர் ரோடு. அருணாச்சலப் பிரதேசத்தின் ஜீரோ ஃபெஸ்டிவலுக்கும் கடைசியில் பல மணி நேர மலைப்பாதைதான். அந்தக் குலுக்கலில் வெல்க்ரோ விடும், ஜாக் நட்டு கழலும். போய்ச் சேர்ந்ததும் ஒவ்வொரு நட்டையும் விரலால் திருகிப் பாருங்கள். நாப் எந்த எண்ணில் நின்றது என்பதற்குக் கிளம்பும் முன்பே ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

8. உடைந்தால், வராவிட்டால்

கவுன்டரில் ‘ஃப்ராஜைல்’ ஸ்டிக்கரோடு ஒரு கையெழுத்தும் கேட்பார்கள். அது சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று நீங்கள் ஒப்புக்கொள்ளும் தாளாக இருக்கலாம். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உள்நாட்டுப் பயணத்தில் பெட்டி தொலைந்தாலும் உடைந்தாலும் நிறுவனத்தின் பொறுப்பு அதிகபட்சம் 20,000 ரூபாய். சர்வதேசப் பயணத்தில் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்டிஆர். ஏறத்தாழ 2,000 டாலர். ஒரு நல்ல ப்ராசஸரின் விலைக்கு இந்த 20,000 காணாது. அதனால்தான் அதைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

சேதம் கண்ணில் பட்டால் ஏர்போர்ட்டைவிட்டு வெளியே வராதீர்கள். பெல்ட்டுக்குப் பக்கத்திலேயே கவுன்டர் இருக்கும். பிஐஆர் என்ற புகார்த் தாளை எழுதி வாங்குங்கள். சர்வதேசப் பயணத்தில் சேதத்துக்கு ஏழு நாளுக்குள், தாமதத்துக்கு 21 நாளுக்குள் எழுத்துப் புகார் போக வேண்டும். சாமானின் பில், சீரியல் நம்பர், கட்டும் முன் எடுத்த போட்டோ மூன்றும் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும். மாதத்துக்கு இரண்டு முறை பறப்பவர் என்றால் ஆல் ரிஸ்க் பாலிசி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

9. வெளிநாடு என்றால்

சிங்கப்பூர், மலேசியா, துபாய் மூன்றிலும் செவ்வக முள் மூன்று கொண்ட ப்ளக். அங்கெல்லாம் வோல்டேஜ் நம் ஊர் போலத்தான். அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100. அடாப்டரின் முதுகில் ‘இன்புட் 100–240’ என்று இருந்தால் முள்ளை மாற்றினால் போதும். 220 என்று மட்டும் இருந்தால் அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் வேறு அடாப்டர் வாங்குங்கள்.

போகும்போதே கஸ்டம்ஸில் சீரியல் நம்பர் காட்டி எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் வாங்கிவிடுங்கள். திரும்பி வரும்போது ‘இது அங்கே வாங்கியதா’ என்று கேட்டால் காட்ட வேண்டியது அதுதான். டூரிஸ்ட் விசாவில் போய்க் காசு வாங்கி வாசிக்காதீர்கள். மாட்டினால் அந்த நாட்டுக் கதவு மூடிவிடும். தொழில் அனுமதி எடுப்பது ஆர்கனைசரின் வேலை. காகிதத்தைக் கண்ணால் பார்த்த பிறகு ஒத்துக்கொள்ளுங்கள்.

10. பேமென்ட்

ரேட் பேசும்போதே நான்கு வரி சேர்த்து அனுப்புங்கள்: சம்பளம், செக்-இன் பெட்டியோடு டிக்கெட், ஏர்போர்ட்டுக்குப் போகவர வண்டி, ரூம். கூடுதல் எடை வேண்டுமென்றால் ஆன்லைனில் முன்பே வாங்கச் சொல்லுங்கள். கவுன்டரில் போய் நின்றால் விலை அதிகம், கடைசியில் அது உங்கள் பர்ஸிலிருந்து போகும். ‘அங்க வந்து பாத்துக்கலாம் ப்ரோ’ என்பவரிடம் பாதி அட்வான்ஸ் வாங்காமல் தேதியைக் கொடுக்காதீர்கள். ஏழு கிலோவில் எல்லாம் அடங்குகிறது என்றால் அதையும் சொல்லுங்கள். ‘எனக்கு எக்ஸ்ட்ரா லக்கேஜ் கிடையாது, ஆம்ப் வாடகையும் வேண்டாம், மிக்சர்ல நேரா செருகிடுவேன்.’ மும்பையிலிருந்து வருவதன் செலவில் ஒரு பகுதி அங்கேயே கழிந்துவிடும். அந்த மிச்சத்தில் உங்கள் ரேட்டைக் கொஞ்சம் ஏற்றியும் கேட்கலாம்.

ஷோ முடிந்த மறுநாள், ஃப்ளைட்டுக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே இன்வாய்ஸை அனுப்பிவிடுங்கள். பான் நம்பர், வங்கி விவரம், செலவு ரசீதுகளின் போட்டோ எல்லாம் அதில் இருக்க வேண்டும். கம்பெனி ஷோ என்றால் பெரும்பாலும் 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பிடித்த தொகை உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று இன்கம்டாக்ஸ் போர்ட்டலில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். ஏறவில்லை என்றால் அந்த கம்பெனியின் அக்கவுன்டன்ட்டுக்கு அன்றே மெயில் போடுங்கள்.